படித்ததில் பிடித்தது

'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்பு நமக்குப் புதிதல்ல. வார இதழ்களில் கண்டிருக்கிறோம். இன்று கைப்பேசியில் நாள்தோறும் காண்கிறோம். ஒரு நூலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மனதைத் தொட்ட நான்கு வரிகளை, வாசிப்பில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கு இணையம் வழியாக அனுப்புவது நல்ல பழக்கமே. ஆனால், அந்த நான்கு வரிகள் பெறுபவரை எங்கே கொண்டுசேர்க்கின்றன என்று நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இப்பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததல்ல. கி.பி. 386-ஆம் ஆண்டு, இத்தாலியின் மிலான் நகர். புனித அகுஸ்தினார் அப்போது திருமுழுக்குப் பெறாதவர். அவரையும் நண்பர் அலிப்பியுசையும் காண வந்த பொந்திசியானுஸ் என்ற அரசு அலுவலர், ட்ரியர் நகரில் நடந்த ஒரு நிகழ்வைச் சொன்னார். அவருடைய உடன் அலுவலர் இருவர் அங்கே ஒரு குடிசைக்குள் நுழைந்தபோது, வனத்து அந்தோணியாரின் வாழ்க்கை வரலாற்று நூலைக் கண்டனர். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி, தாம் உணர்ந்ததை மற்றவரிடம் சொன்னார். இருவருமே அரசுப் பணியைத் துறந்தனர்.

இதைக் கேட்டுக் கலங்கிய அகுஸ்தினார், அன்றே தோட்டத்தில் பவுலடியாரின் திருமுகங்களைத் திறந்து, உரோமையர் திருமுகம் 13-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியைப் படித்தார். அவரது நீண்ட மனப்போராட்டம் முடிவுக்கு வந்தது. படித்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, நடந்ததை அலிப்பியுசிடம் சொன்னார். அலிப்பியுஸ் அந்தப் பகுதியைக் காட்டச் சொன்னார். அதோடு நிற்காமல், அகுஸ்தினார் படிக்காமல் விட்ட அடுத்த வரியையும் படித்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்வது பற்றிய அந்த வரியைத் தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார். 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது இருவரும் மிலான் ஆயர் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றனர்.

நல்ல பகிர்வு இப்படித்தான் இருக்கும். பெறுபவர் நூலைக் கையில் எடுத்து அடுத்த வரியைப் படிப்பார். அதற்கு, அந்த வரி எந்த நூலில் உள்ளது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? அசிசி புனித பிரான்சிஸின் 'அமைதிக்கான செபம்' என்று நாம் சொல்லும் செபத்தையே எடுத்துக்கொள்வோம். அது புனிதரின் எழுத்துகள் எதிலும் இல்லை. 1912-இல் பாரிசில் வெளிவந்த 'லா க்ளோஷெத்' என்ற இதழில், எழுதியவர் பெயரின்றி முதன்முதலாக அச்சானது. பின்னாளில் புனிதரின் படத்துக்குப் பின்புறம் அதை அச்சிட்டனர். நாளடைவில் செபமும் அவருடையதாகிவிட்டது. அழகான செபம்தான், ஆனால், அதை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாமலேயே போயிற்று.

எனவே, பகிரும்போது சிலவற்றைக் கவனத்தில் கொள்வோம்.

1. நாமே படித்த பகுதியை மட்டும் பகிர்வோம். வேறொருவர் அனுப்பியதென்றால் மூலநூலில் சரிபார்ப்போம்.

2. நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பக்க எண் ஆகியவற்றைச் சேர்ப்போம்.

3. முன்னும் பின்னும் உள்ளதைப் பார்ப்போம். நாவலில் ஒரு தீயவன் பேசும் பேச்சைத் தனியே வெட்டி எடுத்தால், அது ஆசிரியரின் கருத்தாகிவிடும்.

4. அளவோடு பகிர்வோம். திறனாய்வு, விமர்சனம் போன்றவற்றிற்காக நியாயமான அளவில் எடுத்தாள, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 இடம் தருகிறது. முழு நூலையும் படமெடுத்து அனுப்புவது அதில் அடங்காது. எழுதியவரின் உழைப்புக்குரிய ஊதியத்தையே அது பறிக்கிறது.

5. அந்த வரி நம்மை ஏன் தொட்டது என்று நம் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியம் எழுதுவோம். கதையின் முடிவை மட்டும் சொல்லாமல் விடுவோம்.

வந்ததை அப்படியே தள்ளிவிட ஒரு நொடி போதும். படித்து, சரிபார்த்து, பெயரோடு அனுப்பப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம், எழுதியவருக்கும் படிக்கப்போகும் நண்பருக்கும் நாம் தரும் மரியாதை.