கடல் கடந்து வரும் பூதவுடல்



1966ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படையின் 'டில்லி' என்னும் போர்க்கப்பல் ஒரு சிறு பேழையைத் தாங்கிக் கொச்சித் துறைமுகத்தை வந்தடைந்தது. 1934இல் பெர்லின் நகரில் காலமான செண்பகராமன் பிள்ளையின் அஸ்தி அதனுள் இருந்தது. தம் அஸ்தி தாய்நாட்டில் கலக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதை 32 ஆண்டுகள் போற்றிக் காத்தவர் அவர் மனைவியார்.

சாம்பல் காத்திருக்கும், உடல் காத்திராது. அயல்நாட்டில் இறந்தவருடைய உடலைச் சொந்த ஊருக்குக் கொணரும் வேலையில் உள்ள இடர்ப்பாடுகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன எனலாம். இயற்கை ஒருபுறம் விரைகிறது. காகிதம் மறுபுறம் தாமதிக்கிறது.

பழங்காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். 1873 மே மாதத்தில், இன்று ஸாம்பியா எனப்படும் நாட்டின் ஒரு சிற்றூரில் டேவிட் லிவிங்ஸ்டன் இறந்தார். அவருடன் இருந்த சூமா, சூசி என்ற ஆப்பிரிக்கர்களும் அவர்தம் தோழர்களும் அவரது இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, துணி சுற்றி, மரப்பட்டையில் பொதிந்து, ஆயிரம் மைலுக்கும் மேல் தோளில் சுமந்து சென்றனர். வழியில் ஓர் இடத்தில், பிணம் தம் எல்லையைக் கடக்க மக்கள் இசையார் என்று அறிந்ததும், உடலைத் திருப்பி அனுப்பிவிட்டதாக நடித்து, அதைத் துணிமூட்டைபோல் கட்டிக்கொண்டு நடந்தனர். 1874 பிப்ரவரியில் கடற்கரையை அடைந்தனர். இலண்டனில் மருத்துவர்கள், முன்பு சிங்கம் கடித்து முறிந்த கை எலும்பைக் கொண்டே அவ்வுடல் யாருடையது என்று உறுதி செய்தார்கள்.

பாதுகாத்தல், எல்லை கடக்க இசைவு பெறுதல், இன்னார் என்று நிறுவுதல் ஆகிய மூன்று வேலைகளையும் அந்த எளிய மனிதர்கள் அன்று செய்தனர். இன்றும் வேலைகள் இம்மூன்றே. செய்பவர்களும் சாதனங்களுமே மாறியிருக்கின்றன.

பிணம் எல்லை கடப்பதற்கென்று நாடுகள் கூடி 1937இல் பெர்லினில் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஐரோப்பிய நாடுகள் 1973இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மற்றொன்று செய்தன. இவற்றின்படி இறந்தவருக்கும் ஒரு வழிச்சீட்டு உண்டு. பெயர், வயது, இறந்த இடம், நாள், காரணம் ஆகியவை அதில் இருக்கும். உயிரோடிருந்தபோது ஒரு கடவுச்சீட்டு, இறந்தபின் இன்னொன்று! தொற்றுநோய் பற்றிய அச்சமே இவ்விதிகளின் வேர். பெரும்பாலான பிணங்களால் நோய் பரவுவதில்லை என்பது இன்றைய மருத்துவம் கண்ட உண்மை. எனினும் விதிகள் எளிதில் தளர்வதில்லை.

இனி நம் காலத்திற்கும் நம் ஊர்களுக்கும் வருவோம். வளைகுடா நாடுகளில் கட்டடம் கட்டியும் வண்டி ஓட்டியும் உழைக்கும் தமிழர் பலர். அவர்களில் ஒருவர் அங்கே இறந்தால் என்ன நிகழ்கிறது?

முதலில் மருத்துவமனை இறப்பை அறிவிக்கிறது. விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத மரணம் என்றால் காவல்துறை விசாரணை முடியும் வரை உடல் பிணவறையில் குளிரில் இருக்க வேண்டும். பின் அந்நாட்டு இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அது அரபு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். அதன்மேல் இந்தியத் தூதரகம் மரணத்தைப் பதிந்து, இறந்தவருடைய கடவுச்சீட்டை ரத்துச் செய்து, ஆட்சேபமின்மைச் சான்று தருகிறது. இவற்றுக்கு இடையே ஊரிலுள்ள குடும்பத்தார், உடலை அனுப்பலாமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது உடலைப் பதப்படுத்துதல். தமனி வழியே ஃபார்மலின் கலந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். அது தசையிலுள்ள புரதங்களைப் பிணைத்து இறுகச் செய்கிறது. கிருமிகளுக்கு இரை கிட்டாமல் போகிறது. 1954ஆம் ஆண்டின் இந்திய விமானப் பொதுச்சுகாதார விதிகள் பெட்டியையும் வரையறுத்தன: துத்தநாகக் கூடு, காற்றுப் புகாதபடி பற்றவைத்த மூட்டுகள், அதன்மேல் கனத்த மரப்பெட்டி, அதற்கும் வெளியே கார்பாலிக் பொடி கலந்த மரத்தூள் நிரப்பிய இன்னொரு பெட்டி. உடல் வருவதை 48 மணி நேரத்துக்கு முன்பே சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

விமானத்தில் அது சரக்கு. கூறக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் உண்மை அதுவே. சரக்குப் பட்டியலில் அதற்கென மூன்றெழுத்துக் குறியீடும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வரும் உடல்களைத் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அது மனிதத்துக்கு இழுக்கு என்று அங்குள்ள இந்தியர் ஓயாது முறையிட்டனர். 2019இல் ஏர் இந்தியா அவ்வழக்கத்தைக் கைவிட்டு, எடை எதுவாயினும் ஒரே கட்டணம் என்று வகுத்தது.

செலவு யாருடையது? முதலில் முதலாளியைக் கேட்க வேண்டும். அவர் கைவிரித்தால், 2009இல் அமைந்த இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவலாம். குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளருக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்னும் காப்புறுதி கட்டாயமானது. விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் அதில் கிடைக்கும். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பவருக்கு இந்தக் காவல் இல்லை. முகவர்கள் இதைச் சொல்வதேயில்லை. 2023இல் நடுவண் அரசு 'இ-கேர்' என்ற இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கியது. உடலைக் கொணர்வதற்கான சுகாதார அனுமதியை விரைவாக வழங்குவதே அதன் நோக்கம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையையும் நாடலாம்.

எங்கள் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவருக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலையெழுத்துத்தான். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் விரிந்து முன்னால் நின்றது. குடும்ப அட்டையிலோ ஒரே எழுத்தாகச் சுருங்கியிருந்தது. தந்தை கையெழுத்திட்ட இசைவுக் கடிதம் இதனால் திரும்பி வந்தது. இருவரும் தந்தையும் மகனுமே என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்று பெற்று மீண்டும் அனுப்ப ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாளும் அவ்வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்தனர். விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த தங்கை. அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. ஆகவேதான் இப்பொருளை மாணவர்களாகிய உங்களிடம் பேசத் துணிந்தேன்.

இன்னொன்றையும் அவள் செய்தாள். 'பாக்கி ஏதுமில்லை' என்று ஒரு தாளில் தந்தையின் ஒப்பம் வாங்கியனுப்பினால் உடல் விரைவில் வரும் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னாராம். அவள் மறுத்துவிட்டாள். உடலை அனுப்புவது வேறு. சம்பள பாக்கியும் பணிக்கொடையும் வேறு. பாக்கியைப் பெற்றுத்தரும்படி தூதரகத்துக்கு அதிகாரம் கொடுத்துத் தனிக் கடிதம் எழுதலாம். அவள் அவ்வாறே எழுதினாள். பணம் வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, ஆனால் வந்தது.

உடல் வந்த இரவில் நானும் திருச்சி விமான நிலையத்துக்குச் சென்றிருந்தேன். பயணிகள் வெளிவரும் வாயிலில் மாலைகளோடும் குழந்தைகளோடும் கூட்டம் நின்றது. நாங்கள் போகவேண்டியது அவ்வாயில் அன்று, சரக்குக் கிடங்கு. சுங்கத்தாரும் சுகாதார அதிகாரியும் தாள்களைச் சரிபார்த்தபின் பெட்டி வெளியே வந்தது. தந்தை அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைத் தடவிப் பார்த்தார். அவருக்கு அவ்வெழுத்துகள் தெரியா. மகளை அருகே அழைத்து, "அண்ணன் பேருதானா, படிச்சுச் சொல்லும்மா" என்றார். அவள் படித்தாள்.