பூட்டுத் தொழிலாளியின் மகன் கண்ட விதி

இஸ்திரிப் பெட்டியில் பதித்திருக்கும் சிறு தகட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று எழுதியிருந்தால், அவ்விரண்டு எண்களைக் கொண்டே பெட்டியினுள் சுருண்டு கிடக்கும் கம்பியின் சுபாவத்தை நாம் அறிந்துவிடலாம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். ஆதலின் 1000-ஐ 230-ஆல் வகுத்தால், கம்பியில் ஓடுவது ஏறக்குறைய 4.35 ஆம்பியர் என்பது புலனாகும். அழுத்தத்தை அந்த ஓட்டத்தால் வகுத்தால் வருவது தடை. அது சுமார் 53 ஓம்.

பள்ளிச் சிறுவனும் அரை நிமிஷத்தில் போட்டுவிடும் இக்கணக்கின் பின்னே ஒரு மனிதரின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில், சுயமாகவே கணிதம் பயின்ற ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாக 1789-இல் பிறந்த கெயார்க் சைமன் ஓம், கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, கம்பியின் நீளத்துக்கும் அதில் ஓடும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராயத் தொடங்கினார். அக்காலத்து மின்கலங்களோ, இணைத்த சிறிது நேரத்திலேயே சக்தி குன்றி, அளவைகளையெல்லாம் பொய்யாக்கின. அதனால் அவர், பிஸ்மத்தையும் செம்பையும் பொருத்தி, ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த உஷ்ண பேதத்தால் பிறக்கும் நிலையான மின்சாரத்தைக் கைக்கொண்டார். இரண்டு அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கும் காந்த ஊசியின் விலக்கத்தை அவர் பொறுமையோடு அளந்தார். இந்தச் சோதனையின் அழகுக்கு ஈடாக விஞ்ஞான சரித்திரத்தில் நான் சொல்லக்கூடியவை மிகச் சிலவே.

அழுத்தம், ஓட்டம், தடை ஆகியவற்றைப் பிணைக்கும் தம் விதியை விளக்கி 1827-இல் அவர் வெளியிட்ட நூலைச் சொந்த நாட்டு அறிஞர்கள் பலர் மதிக்கவில்லை; மனம் நொந்த ஓம், வேலையையே துறந்தார். லண்டன் ராயல் சங்கம் 1841-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜூல், கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்று வெளியிட்டார்.

அந்த வர்க்கக் கணக்கு நம் வீட்டிலும் தெரியும். மாலை வேளையில் 230 வோல்ட் 200 ஆகத் தாழ்ந்தால், 53 ஓம் கம்பியில் ஓடுவது 3.8 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. திறனோ 755 வாட் மட்டுமே. அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைய, திறன் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது; பெட்டி காய்வதற்கு நேரம் பிடிக்கிறது.

ஆயினும் தடை எப்போதும் மாறாதது என்று எண்ணலாகாது. இஸ்திரிப் பெட்டியின் நிக்ரோம் கம்பி சூட்டில் அதிகம் மாறுவதில்லை. டங்ஸ்டன் இழையுள்ள 60 வாட் பல்பு அப்படியன்று. எரியும்போது கணக்கின்படி 880 ஓம் தடை உள்ள அவ்விழை, குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடையையே காட்டும். அதனால்தான் விசையைப் போட்ட அந்தக் கணத்தில் இழையினுள் மின்னோட்டம் பல மடங்காகப் பாய்கிறது. தேய்ந்துபோன பழைய பல்புகள் பெரும்பாலும் அக்கணத்திலேயே அறுந்துபோகின்றன.