உங்களுக்குத் தெரியுமா? காகிதத்தில் காணாமல் போன கழிமுகம்!

எண்ணூரில் ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பங்கழி, ஒரு அரசு வரைபடத்தில் இல்லவே இல்லை!

• 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இந்தக் கழி கட்டுமானங்களுக்குத் தடையுள்ள பகுதி. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்கள் கைக்கு வந்ததோ வேறு வரைபடம். அதில் கழியைக் காணோம். மடவைக்கும் இறாலுக்கும் யாரும் தகவல் சொல்லவில்லை போல. அவை பாட்டுக்கு அங்கேயே இருந்தன.

• அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் கதை வேறு. ‘டெவில்ஸ் ஹோல்’ என்ற ஒரே பாறைக்குழியில் மட்டும் வாழும் பப்ஃபிஷ், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். அது முட்டையிடும் பாறைத்தட்டில் தண்ணீர் வற்றக் கூடாதென்று, பக்கத்துப் பண்ணை நிலத்தடி நீர் உறிஞ்சுவதற்கே 1976-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது.

• அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழியைச் சீரமைக்கச் சொல்லி, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது 2022 ஜூலையில்.