பிறந்த மண்ணா, பெற்றோரின் ஆவணமா? குடியேறியோரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை அமைவது எப்படி?

இந்தியாவில் பிறந்த அனைவரும் இந்தியக் குடிமக்கள் அல்லர். பிறந்த தேதியும் பெற்றோரின் சட்ட நிலையுமே குடியுரிமையைத் தீர்மானிக்கின்றன.

கொச்சி: கண்ணூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த இரு சகோதரிகளின் குடியுரிமை தொடர்பான வழக்கில், கொச்சியில் இயங்கும் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பாகிஸ்தான் குடிமக்களான அவ்விருவரும் 2008-ஆம் ஆண்டு சிறுமிகளாகத் தாயுடன் இந்தியா வந்தவர்கள். தங்களது பாகிஸ்தான் பாஸ்போர்ட்டுகளை அந்நாட்டுத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டனர். இந்தியக் குடியுரிமை வழங்குவதில் ஆட்சேபம் இல்லை என்று தூதரகமும் சான்று அளித்தது.

ஆயினும் பாகிஸ்தான் சட்டப்படி 21 வயது நிறைந்தவரே குடியுரிமையைத் துறக்க இயலும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்தபோது அவ்வயதை எட்டாததால், துறப்புச் சான்றிதழ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அச்சான்றிதழை வற்புறுத்தாமல் குடியுரிமை வழங்குமாறு 2024-இல் தனி நீதிபதி பிறப்பித்த உத்தரவை, இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. முறைப்படி துறக்காதவரை முந்தைய குடியுரிமை நீடிப்பதாகவே கருத வேண்டும் என்பதும், இரட்டைக் குடியுரிமையை இந்தியச் சட்டம் ஏற்பதில்லை என்பதும் இத்தீர்ப்பின் அடிப்படை.

ஒருவர் எங்கு வளர்ந்தார், எந்த மொழி பேசுகிறார், எந்தப் பள்ளியில் பயின்றார் என்பவை ஒருபுறம் இருக்க, அவர் எந்நாட்டவர் என்பதைச் சட்டம் எவ்வாறு முடிவு செய்கிறது என்ற வினாவை இவ்வழக்கு மீண்டும் எழுப்பியுள்ளது.

இரு கொள்கைகள்

உலக நாடுகள் பொதுவாக இரண்டு கொள்கைகளின் அடிப்படையில் பிறப்புவழிக் குடியுரிமையை வழங்குகின்றன. பிறந்த மண்ணை அளவுகோலாகக் கொள்வது ஒன்று. பெற்றோரின் குடியுரிமையை அளவுகோலாகக் கொள்வது மற்றொன்று.

இவ்விரண்டும் அருகருகே செயல்பட்டதற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 1568-இல் எழுப்பப்பட்ட யூத வழிபாட்டுத் தலம் இன்றும் 'பரதேசி' ஜெப ஆலயம் என்றே அழைக்கப்படுகிறது. பிற தேசத்தார் என்பது அச்சொல்லின் பொருள். பல தலைமுறைகள் கடந்தும் அப்பெயர் மாறவில்லை. ஆயினும், இந்தியாவை நிலையான வாழிடமாகக் கொண்டு இங்கு பிறந்தவர்களை அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு குடிமக்களாக ஏற்றபோது, மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்று கேட்கவில்லை. மறுபுறம், 1950-இல் இஸ்ரேல் இயற்றிய திரும்புதல் சட்டம் யூத வழிமரபையே தகுதியாகக் கொண்டது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர்.

இந்தியச் சட்டத்தின் மூன்று காலகட்டங்கள்

இந்தியா தொடக்கத்தில் பிறந்த மண்ணையே அளவுகோலாகக் கொண்டது. பின்னர் படிப்படியாகப் பெற்றோரின் நிலைக்கு முக்கியத்துவம் அளித்தது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 3-ஆவது பிரிவில் இதனை மூன்று காலகட்டங்களாகப் பிரிக்கிறது.

முதலாவது, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்நாட்டவராயினும் இவர்கள் இந்தியக் குடிமக்களே.

இரண்டாவது, 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்கள். பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்கள். பெற்றோர் இருவரும் இந்தியர்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

அசாமில் வங்கதேசத்திலிருந்து நிகழ்ந்த குடியேற்றத்துக்கு எதிரான போராட்டமும் 1985-ஆம் ஆண்டின் அசாம் ஒப்பந்தமும் இத்திருத்தங்களுக்குப் பின்புலமாக அமைந்தன. ஆனால் அதன் விளைவு வடகிழக்குடன் நிற்கவில்லை. தமிழ்நாட்டின் முகாம்களிலும் எதிரொலித்தது.

முகாமில் பிறந்த தலைமுறை

1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் ஏதிலிகளாகத் தமிழ்நாடு வரத் தொடங்கினர். 2021-இல் தமிழக அரசு வெளியிட்ட விவரப்படி, முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளியே சுமார் 34,000 பேரும் வசித்தனர். இவர்களில் கணிசமானோர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள்; இலங்கையைக் கண்டிராதவர்கள்.

சட்டத்தின் கால எல்லை இக்குடும்பங்களில் எவ்வாறு செயல்படும் என்பதை எளிதில் விளக்கலாம். ஒரே முகாமில், ஒரே பெற்றோருக்கு 1986-இல் பிறந்த அக்காள் இந்தியக் குடிமகள். 1988-இல் பிறந்த தம்பி இந்தியக் குடிமகன் அல்லன். இருவருக்கும் தாய்மொழியும் பள்ளியும் ஒன்றே; பிறந்த தேதி மட்டுமே வேறு.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று கூறிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது 38 நிறைவடைய இரண்டு நாள்களே இருந்தன.

1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கு இவ்வழி இல்லை. பதிவு மூலமோ, 12 ஆண்டுகள் வசித்ததன் அடிப்படையில் இயல்புரிமை மூலமோ குடியுரிமை கோரலாம் எனினும், 'சட்டவிரோதக் குடியேறி' என வகைப்படுத்தப்பட்டோர் அவ்விரு வழிகளிலும் விண்ணப்பிக்க இயலாது. உரிய பயண ஆவணமின்றிப் படகில் வந்தோர் இவ்வகையில் அடங்குவர். பெற்றோர் ஆவணமின்றி வந்ததன் விளைவை, இங்கேயே பிறந்த பிள்ளைகளும் சுமக்க நேர்கிறது.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு விலக்கு அளித்தது. அப்பட்டியலில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனை நடவடிக்கைகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது தண்டனையிலிருந்து பாதுகாப்பு மட்டுமே, குடியுரிமை அன்று.

ஒரே பூர்வீகம், இரு நிலைகள்

முகாம்களில் உள்ளோரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க ஒப்புக்கொண்டன.

அவ்வாறு இந்தியக் குடியுரிமையுடன் திரும்பியவர்களுக்குக் கேரளத்தின் புனலூர்ப் பகுதியில் ரப்பர் தோட்டங்கள் அமைத்து வேலை வழங்கப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் இந்தியர்கள். அதே தோட்டப் பூர்வீகம் கொண்டு, பின்னாளில் படகில் வந்தவர்களின் பிள்ளைகள் முகாம் அடையாள அட்டையுடன் வாழ்கின்றனர்.

வெளிநாட்டில் பிறக்கும் இந்தியரின் பிள்ளைகள்

வளைகுடா நாடுகள் பொதுவாகத் தந்தைவழியாகவே குடியுரிமை வழங்குகின்றன. எனவே அங்குப் பிறக்கும் தமிழர், மலையாளிகளின் பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமையே புகலிடம். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவர்களின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவை.

அமெரிக்காவில், 1868-ஆம் ஆண்டின் 14-ஆவது அரசமைப்புத் திருத்தம் மண்வழிக் குடியுரிமைக்கு அடித்தளமாக உள்ளது. தற்காலிக விசாவில் உள்ளோரின் பிள்ளைகளுக்கு அதனை மறுக்கும் ஆணையை அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பிறப்பித்தார். அதனை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. இந்தியப் பணியாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய விவகாரம்.

விடை காணாத வினா

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு. இவ்வுடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. நாடற்ற நிலை குறித்த 1954, 1961-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் இணையவில்லை.

வாக்குரிமை, பாஸ்போர்ட், பெரும்பாலான அரசுப் பணிகள் ஆகிய அனைத்தும் குடியுரிமையைச் சார்ந்தவை. முகாம்களில் பிறந்தவர்கள் இப்போது தாங்களே பெற்றோராகியுள்ளனர். பெற்றோர் இருவரும் குடியுரிமை இல்லாதவர்களாக இருக்கும்வரை, அடுத்த தலைமுறையும் சட்டத்தின் பார்வையில் அயலாராகவே பிறக்கும்.