சார்ஜ்: ஒரு வண்டிச் சுமை

“போன்ல சார்ஜ் இல்ல.” “பஸ் சார்ஜ் ஏறிடுச்சு.” “கூட்டத்துல லத்தி சார்ஜாம்.” “சார்ஜ் ஷீட் போட்டாச்சு.” “புது கலெக்டர் சார்ஜ் எடுத்துக்கிட்டார்.” இந்த ஐந்தையும் ஆங்கிலமே படிக்காதவர்கள்கூடச் சரளமாகச் சொல்கிறார்கள். ஆனால் அகராதியில் ‘சார்ஜ்’ பக்கத்தைத் திறக்கும் மாணவர் மிரண்டுபோகிறார். கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தாக்குதல், மின்னூட்டம் என்று ஒட்டும் உறவுமில்லாமல் நிற்கும் பட்டியலை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார். அதற்குத் தேவையே இல்லை. இவை எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தத் தாய், லத்தீனில் வண்டியைக் குறித்த ‘கார்ருஸ்’. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கான வினைச்சொல் அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. நம் வாசலில் நிற்கும் ‘கார்’, கப்பலில் போகும் ‘கார்கோ’ இரண்டும் இதே குடும்பம்தான்.

ஆக, அடிப்படைப் பொருள் சுமை ஏற்றுவது. ஒருவர் தோளில் வேலையை ஏற்றினால் பொறுப்பு. செலவை ஏற்றினால் கட்டணம். பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. தமிழிலும் குற்றத்தைச் ‘சுமத்த’த்தானே செய்கிறோம்! துப்பாக்கியில் மருந்தும் குண்டும் கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சோதித்தபோது, அதற்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். பல ஜாடிகளை இணைத்த தொகுதிக்கு, பீரங்கி வரிசையின் பெயரான ‘பேட்டரி’யைச் சூட்டியவரும் அவரே. செல்போனில் நாம் தினம் பார்க்கும் இரண்டு சொற்களிலும் வெடிமருந்து வாசனை இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் மின்சார சார்ஜை ‘ஏற்றம்’ என்கின்றன. மூலத்துக்கு மிக நெருக்கமான, அருமையான தேர்வு அது.

லத்தி சார்ஜ் மட்டும் சற்றுச் சுற்றி வந்தது. ஈட்டியைத் தாக்கும் நிலையில் நீட்டிப் பிடிப்பதையும் ஒரு காலத்தில் சார்ஜ் என்றார்கள். பிறகு அப்படிப் பாய்ந்து செல்வதற்கே அது பெயரானது.

வேரைப் பிடித்துவிட்டால் ‘டிஸ்சார்ஜ்’ தானாகப் புரியும்: சுமையை இறக்குவது. நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறார், பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகிறது. நீதிமன்றத்தில் மட்டும் கவனம் வேண்டும். போலீஸ் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்து நீதிபதி முறைப்படி பதிவு செய்வதுதான் சார்ஜ். பதிவு செய்யவே முகாந்திரம் இல்லையென்றால் அந்தக் கட்டத்திலேயே டிஸ்சார்ஜ், அதாவது விடுவிப்பு. விசாரணை முழுவதும் நடந்து குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தால் அது ‘அக்விட்டல்’, விடுதலை. செய்திகளில் இவை இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. ஒருவரின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தக் குழப்பம் கூடாது.

பணத்திலும் ஒரு நுணுக்கம். பஸ், ரயில் கட்டணத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்பதே பொருத்தம். வக்கீலுக்கும் டாக்டருக்கும் ‘ஃபீஸ்’. குழாய் ரிப்பேர் செய்ய வருபவரிடம் “ஹவ் மச் டு யூ சார்ஜ்?” என்று தாராளமாகக் கேட்கலாம்.

கூட வரும் சிறு சொற்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒருவர்மேல் குற்றம் சொல்ல ‘அக்யூஸ்’ போட்டால் பின்னால் ‘ஆஃப்’ வரும். ‘சார்ஜ்’ போட்டால் ‘வித்’ வரும். “ஹி வாஸ் சார்ஜ்டு வித் தெஃப்ட்” என்பதே சரி.

இன்னொன்று, ஒரு சின்ன ‘த’ செய்யும் வேலை. “த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சில்ட்ரன்” என்றால் குழந்தைகளுக்கு நர்ஸ் பொறுப்பு. “த சில்ட்ரன் ஆர் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்” என்றாலும் அதே பொருள்தான். இரண்டாவதில் குழந்தைகள் முன்னால் வந்துவிட்டார்கள். அதனால் ‘த’ நுழைந்தது. அந்த ‘த’வை விட்டுவிட்டால் வார்டில் நர்ஸைக் குழந்தைகள் மேற்பார்வை செய்வார்கள்!

(தொடரும்)