பொருந்துமா? வாங்கும் முன் மூன்று கேள்விகள்

மாணவர்களே, உங்கள் வீடு கோலா தெர்லாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மேசைக் கணினி மெதுவாக இயங்குகிறது. அண்ணன் கம்போங் ராஜா வழியாக மலைச்சாலையில் இறங்கி, ஈப்போவில் ஒரு ரேம் வாங்கி வருகிறார். கணினியைத் திறந்து செருகினால் உள்ளே போக மறுக்கிறது. ரேமிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் பயணம் வீணாகிவிட்டது.

இதைத் தவிர்க்க, வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

வடிவம் பொருந்துமா?

டி.டி.ஆர்.3 ரேமின் அடியில் 240 தொடுமுனைகள் உண்டு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288. எண்ணிக்கை ஒன்றானாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. அடிவிளிம்பில் உள்ள சிறு வெட்டு, ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. டி.டி.ஆர்.3க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4க்கு 1.2 வோல்ட், டி.டி.ஆர்.5க்கு 1.1 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். தவறான இடத்தில் செருகிப் பாகம் கெடாமல் காப்பதே அந்த வெட்டின் வேலை. ஆகவே நுழையாத ரேமை ஒருபோதும் அழுத்தித் திணிக்காதீர்கள். மடிக்கணினி ரேம் நீளம் குறைந்தது. அதுவும் மேசைக் கணினிக்கு ஆகாது.

ஒன்றையொன்று அடையாளம் தெரியுமா?

வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது. இன்டெல் நிறுவனத்தின் 7ஆம் தலைமுறைச் செயலிக்கும் 8ஆம் தலைமுறைச் செயலிக்கும் 1151 தொடுமுனைகள்தாம். ஆனாலும் 7ஆம் தலைமுறைக்கான தாய்ப்பலகையில் 8ஆம் தலைமுறைச் செயலி வேலை செய்யாது. அதன் மின் இணைப்பு முறை மாறிவிட்டது. தாய்ப்பலகையின் பயாஸ் மென்பொருளுக்கும் அதை அடையாளம் தெரியாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பலகைகள் சிலவற்றில், முதலில் பயாஸைப் புதுப்பித்தால்தான் புதிய செயலி இயங்கும். தாய்ப்பலகைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில், அது ஏற்கும் செயலிகளின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மின்சாரம் போதுமா?

கிராஃபிக் அட்டை செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் மட்டுமே தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால், பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி தேவை. செயலிக்கு 65 வாட், அட்டைக்கு 115 வாட், மற்றவற்றுக்கு 70 வாட் என்றால் மொத்தம் 250 வாட். அதற்காக 250 வாட் பவர் சப்ளை வாங்கக் கூடாது. கணினி சில கணங்களில் திடீரென அதிக மின்சாரத்தை இழுக்கும். அட்டைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அளவையே பின்பற்றுங்கள்.

முதலில் என்ன செய்வது?

விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறங்கள். செயலி, தாய்ப்பலகை, பயாஸ் ஆகியவற்றின் விவரம் அங்கே தெரியும். அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து உட்புறத்தையும் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். திறக்கும் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே பெரும்பாலும் எளிய முதல் படி. ஹார்ட் டிஸ்க்கும் சாட்டா வகை என்றால் அதே கம்பிகளே போதும். வேகம் உடனே தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11, பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினிக்கு விலையுயர்ந்த பாகம் வாங்குவது சரியா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். சில வேளைகளில் எதையும் வாங்காமல் பணத்தைச் சேர்த்து வைப்பதே நல்ல முடிவு.