கடைசிப் பந்தியில் யார்?

2022-ம் ஆண்டு வரை, ஒரு நிறுவனம் 'பிரைவேட் பிளேஸ்மென்ட்' முறையில், அதாவது பொதுமக்களிடம் போகாமல் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், வெளியிடும் கடன் பத்திரம் ஒன்றின் முகமதிப்பு 10 லட்சம் ரூபாய். மாதச் சம்பளக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 2023 ஜனவரியில் அது 1 லட்சம் ஆனது. 2024-ல் சில நிபந்தனைகளோடு 10,000 ரூபாய்க்கும் வெளியிடலாம் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அனுமதித்தது. டீமேட் கணக்கும் செல்போனும் இருந்தால் போதும், இன்று நீங்களும் நானும் ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாம். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் கதவு திறந்த வேகத்துக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சு வளரவில்லை.

இந்திய நிறுவனக் கடன் பத்திரங்களின் மொத்த மதிப்பு 50 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள், வங்கிகள், மியூச்சுவல் ஃபண்டுகள் கையில்தான் இருக்கிறது. அவர்களில் பலர் வாங்கியதை முதிர்வு வரை அசைக்காமல் வைத்திருப்பவர்கள். நிதி அறிக்கையைப் படிக்க அவர்களிடம் தனி ஆட்களே உண்டு. அந்தச் சந்தைக்குள்தான் நாம் 10,000 ரூபாயோடு நுழைகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வங்கி எஃப்.டி. 7 சதவீதம் தருகிறது, ஒரு நிதி நிறுவனத்தின் பத்திரம் 10.5 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் போட்டால் ஆண்டுக்கு 3,500 ரூபாய் கூடுதல். அந்த நிறுவனம் கடனைக் கட்டாமல் போய், கடைசியில் நூற்றுக்கு 40 ரூபாய்தான் திரும்பி வந்தது என்றால் இழப்பு 60,000. அதாவது, 17 ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் வட்டி ஒரே அடியில் போய்விடும். அதே 1 லட்சத்தைப் பத்து நிறுவனங்களில் பத்துப் பத்தாயிரமாகப் பிரித்திருந்தால், ஒன்று கவிழ்ந்தாலும் இழப்பு 6,000 ரூபாயோடு நிற்கும். இரண்டே ஆண்டுக் கூடுதல் வட்டியில் அதை மீட்டுவிடலாம். முகமதிப்பு 10,000 ஆனதில் சிறு முதலீட்டாளருக்குக் கிடைத்த உண்மையான லாபம் இப்படிப் பிரித்துப் போட முடிவதுதான்.

'ரேட்டிங் நன்றாக இருந்தால் பயமில்லையே?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். ஜம்மு காஷ்மீரின் செனானி-நஷ்ரி சுரங்கப்பாதையைக் கட்டியதும், நம் கடலூர் மாவட்டத்தில் அனல்மின் நிலையம் அமைத்ததும் இந்தக் குழுமம்தான். எல்.ஐ.சி. அதன் மிகப் பெரிய பங்குதாரர். 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை 'ட்ரிபிள் ஏ' என்ற உச்சத் தரத்தில் இருந்தது. செப்டம்பரில் 'டி', அதாவது கடனைக் கட்டத் தவறிய நிறுவனம். குழுமத்தின் மொத்தக் கடன் 90,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதிப் பணமும் அதில் சிக்கிக்கொண்டது.

இன்னொன்று வீட்டுக் கடன் நிறுவனமான டி.ஹெச்.எஃப்.எல். 2018 மே மாதம் பொதுமக்களிடம் என்.சி.டி. (பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரம்) வெளியிட்டு 10,000 கோடி ரூபாய்க்கும் மேல் திரட்டியது. அதற்கும் ட்ரிபிள் ஏ. பதின்மூன்றே மாதங்களில், 2019 ஜூனில், வட்டி கட்ட முடியாமல் 'டி'க்கு விழுந்தது. கடன்காரர்கள் கேட்டது ஏறக்குறைய 87,000 கோடி. பிரமல் குழுமம் 2021-ல் அதை எடுத்துக்கொண்டபோது கொடுத்த மதிப்பு 34,250 கோடி. பிணையம் எதுவும் இல்லாமல் அங்கே எஃப்.டி. போட்டிருந்தவர்களுக்குக் கிடைத்த விகிதம் இன்னும் குறைவு. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இங்கே கிடையாது.

ரேட்டிங் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்பது பத்திரம் வெளியிடும் கம்பெனியேதான். எல்லா நாட்டிலும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். அதற்காக ரேட்டிங்கே வேண்டாம் என்று தள்ளிவிட முடியாது. இன்றைய தேதியில் கணக்குப் புத்தகம் எப்படித் தெரிகிறது என்பதை அது சொல்லும். நாளைக்குப் புதுக்கடன் கிடைக்காவிட்டால் பழைய கடனை எப்படி அடைப்பார்கள் என்பதைச் சொல்லாது. ஐந்து, பத்து ஆண்டுகளுக்குக் கடன் கொடுத்துவிட்டு, அதற்கான பணத்தைக் குறுகிய காலக் கடனாக வாங்கிச் சுழற்றும் நிறுவனங்கள் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

அதனால் என் வரையில், வட்டி எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். கம்பெனி கவிழ்ந்தால் நமக்கு எந்தப் பந்தியில் இலை போடுவார்கள் என்பது முதல் கேள்வி. திவால் சட்டத்தின் 53-வது பிரிவு அந்த வரிசையை எழுதியே வைத்திருக்கிறது. நிறுவனத்தைக் கலைக்கும்போது, நடைமுறைச் செலவு போக, தொழிலாளர் பாக்கியும் பிணையம் பெற்ற கடன்காரர்களும் முதலில். அடுத்து மற்ற ஊழியர் பாக்கி. அதன் பிறகுதான் பிணையம் இல்லாத கடன்காரர்கள். பங்குதாரர்கள் கடைசி. பத்திரத்தின் பெயரில் 'செக்யூர்டு', 'அன்செக்யூர்டு', 'சபார்டினேட்டட்' என்று வரும் ஒற்றைச் சொல் இந்த இடத்தைத்தான் குறிக்கிறது. அரை சதவீதம் அதிகம் கிடைக்கிறதே என்று சபார்டினேட்டட் பத்திரத்தை வாங்குபவர், தெரிந்தோ தெரியாமலோ பின்வரிசைக்குப் போகிறார்.

யெஸ் வங்கி நெருக்கடியில் சிக்கியபோது, அதன் 'அடிஷனல் டயர்-1' பத்திரங்களில் (வங்கி சிக்கலில் விழுந்தால் மதிப்பையே அழித்துவிடக்கூடிய பத்திரங்கள்) அந்த வரிசையே தலைகீழானது. 2016-லும் 2017-லும் 9.5, 9 சதவீத வட்டியில் வெளியிடப்பட்ட 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் 2020 மார்ச்சில் பூஜ்யமாக்கப்பட்டன. டெபாசிட்தாரர்களின் பணம் காப்பாற்றப்பட்டது, அது சரி. ஆனால் பழைய பங்குதாரர்கள் கையிலும் பங்குகள் மிஞ்சின. பத்திரதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-ல் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு அதன் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தப் பத்திரங்களை விற்ற விதம் பற்றிய செபியின் 2021 உத்தரவைப் படித்தபோது எனக்கு மனம் வலித்தது. 1,346 தனிநபர்கள் இந்தப் பத்திரங்களில் பணம் போட்டிருந்தார்கள் என்றும், அவர்களில் 277 பேர் எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே முடித்து அந்தப் பணத்தைப் போட்டவர்கள் என்றும் அதில் இருக்கிறது. புதிதாக வெளியிடும்போது இந்த வகைப் பத்திரம் இப்போது தனிநபருக்கு விற்கப்படுவதில்லை.

விற்று வெளியே வருவது இன்னொரு சிக்கல். வட்டி விகிதம் ஏறினால் கையில் இருக்கும் பத்திரத்தின் விலை இறங்கும். 9 சதவீத ஐந்தாண்டுப் பத்திரம், சந்தை 10 சதவீதம் கேட்கும் நாளில் 10,000-க்கு சுமார் 9,620 ரூபாய்தான் போகும். அதுவும் வாங்க ஆள் இருந்தால்தான். பெரும்பாலான பத்திரங்கள் நாள்தோறும் கைமாறுவதில்லை. 2020 ஏப்ரலில் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது இதனால்தான். கொரோனா பீதியில் முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், பத்திரங்களை வாங்கச் சந்தையில் ஆளில்லை. பிறகு படிப்படியாகப் பணம் திரும்ப வந்தது. பல பத்திரங்கள் உள்ளுக்குள் நல்லவையாகவே இருந்தன. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ அந்தப் பணத்தை நம்பியிருந்தவருக்கு, பின்னால் வந்து என்ன பயன்? முதிர்வுக்கு முன் தேவைப்படாது என்று உறுதியாகத் தெரிந்த பணத்தை மட்டுமே இதில் போட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வரியையும் மறந்துவிடக் கூடாது. வட்டிக்கு உங்கள் வருமான வரம்புப்படி வரி உண்டு. 10.5 சதவீதம், 30 சதவீத வரி கட்டுபவருக்கு 7.35 ஆகிவிடும்.

2022 நவம்பரில் ஆன்லைன் பத்திரத் தளங்களைச் செபி தன் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். இன்னும் இரண்டு விஷயங்களையும் கட்டாயமாக்க வேண்டும். வட்டி விகிதத்தை அச்சிடும் அதே அளவு எழுத்தில், அதற்குப் பக்கத்திலேயே, இந்தப் பத்திரம் கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு தொகைக்குக் கைமாறியது என்பதையும், நிறுவனம் கவிழ்ந்தால் இதை வைத்திருப்பவருக்கு முன்னால் யார் யார் நிற்பார்கள் என்பதையும் காட்ட வேண்டும். 10,000 ரூபாய்க்கு விற்பதென்று முடிவெடுத்த பிறகு, அந்த இரண்டு வரிகளைத் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் எழுத மறுப்பதற்கு எந்த நிறுவனத்திடமும் நியாயமான காரணம் இருக்க முடியாது.